சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்கும்போது மூன்றாவது வருடத்தைப் பற்றிக் கேளுங்கள்

சேலத்தில் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டி வேகம், தூரம், வழி எல்லாம் பதிவு செய்கிற ஜிபிஎஸ் கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கப் போகிற தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும்?" என்றுதான். ஒன்றில் 20 என்று போட்டிருந்தால் 35 போட்டிருப்பதைத் தேடுகிறார்கள். அதற்காகச் சில ஆயிரம் கூடக் கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள். கடைக்காரரிடம் வேறு கேள்வி கேட்கச் சொல்வேன் நான்: மூன்றாவது வருடம் இந்த பேட்டரி எப்படி இருக்கும்? தேய்ந்துபோனால் மாற்றித் தருவீர்களா?

நம் தேவை என்னவென்று பார்ப்போம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு சுமார் 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். நிதானமாக மிதிக்கிறவர்கூட மேலே போய் காபி குடித்துவிட்டு, கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்கி ஐந்தாறு மணி நேரத்தில் வீட்டில் இருப்பார். அதற்கு 12 மணி நேரம் தாங்குகிற சாதாரண மாடலே தாராளம். அதிக நேரம் உண்மையிலேயே வேண்டியது பிரெவே, அதாவது கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர ரைடு, ஓட்டுகிறவர்களுக்கு. 200 கிலோமீட்டருக்குக் கெடு 13.5 மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40. அவர்கள் எப்படியும் பவர் பேங்க் எடுத்துப் போவார்கள். சார்ஜ் ஏறும்போதே ரைடு பதிவாகிறதா, மழையில் சார்ஜ் கேபிள் சொருகும் இடத்தின் மூடியைத் திறந்து வைக்கலாமா என்பதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும். பழைய கருவிகளில் சில, கேபிள் சொருகியதுமே ஏதோ கணினியில் மாட்டியதாக எண்ணிப் பதிவை நிறுத்திவிடும்.

பெட்டியில் போட்டிருக்கிற மணிக்கணக்கு பெரும்பாலும் பேக்லைட் அணைத்து, வழிகாட்டும் வரைபடம் ஓடாமல், சென்சார் குறைவாக இணைத்துப் பார்த்தது. ஜிபிஎஸ்ஸோடு குளோனாஸ், கலிலியோ என்ற மற்ற செயற்கைக்கோள் சிக்னல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னால் சார்ஜ் வேகமாக இறங்கும். போனோடு ப்ளூடூத் விடாமல் பேசிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். எந்த செட்டிங்கில் எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாக எழுதித் தருகிற கம்பெனியை நான் நம்புவேன். வெறும் ஒற்றை எண்ணைப் பெரிதாகப் போடுகிறவர்களை நம்ப மாட்டேன்.

சரி, பேட்டரி நின்றால் மட்டும் போதுமா? பதிவு சரியாக இருக்க வேண்டுமே. ஏற்காடு ஏற்றத்தில் நம்மில் பலர் 7, 8 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறோம். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு இரண்டு மீட்டர் நகர்வோம். ஜிபிஎஸ் காட்டும் இடமே சில மீட்டர் முன்பின் இருக்கும். ஒரு பக்கம் வெட்டிய பாறை, தலைக்கு மேல் சில்வர் ஓக் மரங்கள், அப்புறம் நூற்றெண்பது டிகிரி திருப்பம். சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வரும்போது, நின்றுவிட்டோமோ என்று கருவிக்கே குழப்பம் வருகிறது. ஆட்டோ பாஸ் (நாம் நின்றால் பதிவைத் தானாக நிறுத்திவைக்கும் வசதி) போட்டிருந்தால் மிதித்துக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் நின்றுவிடும். அதைப் பார்த்து "இந்த பீஸ் சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. மலை ஏறும்போது ஆட்டோ பாஸை அணைத்துவிட்டு, சக்கர அச்சில் ஒரு ஸ்பீட் சென்சார் மாட்டினால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பெரும்பாலும் அதற்கு வேண்டியது ஒரு சிஆர்2032 பட்டன் செல், அவ்வளவுதான்.

உயரக் கணக்கு மாறுகிறது என்பது அடுத்த புகார். நல்ல மாடல்கள் உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. சுமார் எட்டரை மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். ஆனால் நம் ஊர் போன்ற வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் தானாகவே ஏறி இறங்குகிறது. விடியற்காலை நாலு மணி வாக்கில் குறைவாக இருந்து பத்து மணி வாக்கில் உச்சத்துக்குப் போகும். ஆகவே அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பி பத்து மணிக்குத் திரும்பினால், அதே வீட்டு வாசல் பதினைந்து இருபது மீட்டர் கீழே போய்விட்டதாகக் காட்டும். இது கருவியின் கோளாறு கிடையாது. மேலே பனிமூட்டத்திலும் மழையிலும் அந்த சென்சாரின் சின்ன ஓட்டையில் தண்ணீர் அடைத்துக்கொண்டு, உயரம் நகராமல் நின்றால் அது வேறு விஷயம். ஓட்டையை உலரவிட்டால் தானாகச் சரியாகும். ஊசியால் குத்தாதீர்கள்.

இனி பேட்டரியின் வயது. இந்தக் கருவிகளில் இருப்பது லித்தியம் பேட்டரி. முழு சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் அதற்கு ஆகவே ஆகாது. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடுகிற வெயிலில், நூறு சதவீதம் ஏற்றி காருக்குள் வைத்துவிட்டுப் போனால் பேட்டரியின் ஆயுளை நாமே குறைக்கிறோம். வாரம் ஒருநாள் ஓட்டுகிறவர்கள் ரைடுக்கு முந்தைய இரவு ஏற்றினால் போதும், மற்ற நாட்களில் பாதி சார்ஜில் வீட்டுக்குள் கிடக்கட்டும்.

தேய்ந்த பேட்டரி 30 சதவீதம் காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்துவிடும். அப்படி அணையும்போது அதுவரை ஓட்டிய ரைடு ஃபைலாக மிஞ்சுகிறதா? என்னைப் பொறுத்தவரை நம்பகத்தன்மைக்கு முதல் சோதனை இதுதான். வாங்கிய வாரத்திலேயே வீட்டைச் சுற்றி ஓட்டி, சார்ஜ் முழுக்கத் தீரவிட்டுப் பாருங்கள். ஃபைலை கேபிள் போட்டு எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். 2020 ஜூலையில் கணினித் தாக்குதலால், கார்மின் கம்பெனி கருவிகளின் ரைடுகள் போய்ச் சேரும் கார்மின் கனெக்ட் தளம் பல நாள் முடங்கியது. கருவிகள் பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டுதான் இருந்தன. கேபிள் வழியாக ஃபைலை எடுத்து, ரைடுகளைப் பகிரும் ஸ்ட்ராவா தளத்தில் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

எனக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்தில்தான். திரை, பட்டன், சிக்னல் எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு நண்பரின் கருவிக்கு பேட்டரி மட்டும் போய்விட்டது. சர்வீஸில் பேட்டரி மாற்றுவதில்லையாம், புதுசு வாங்கினால் தள்ளுபடி தருவார்களாம். கடைசியில் ஒரு மொபைல் கடையில் சூடு காட்டித் திறந்து பேட்டரியை மாற்றினார்கள். வேலை செய்கிறது. ஆனால் தண்ணீர் புகாமல் காக்கும் ஒட்டு போய்விட்டதால் மழையில் பிளாஸ்டிக் பை சுற்றித்தான் ஓட்டுகிறார். சில நூறு ரூபாய் பேட்டரிக்காக இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் பொருளைத் தூக்கிப் போடச் சொல்வது அநியாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும். தண்ணீர் படும் சில வகைக் கருவிகளுக்கு மட்டும் தளர்வு உண்டு, அவற்றிலும் பழுதுபார்க்கும் கடைக்காரர் மாற்றும்படியாவது இருந்தாக வேண்டும். அதே விதி இங்கேயும் வர வேண்டும். வரும்வரை, மாற்றித் தருவோம் என்று எழுத்தில் சொல்லும் கம்பெனியிடமே வாங்குங்கள்.

சோலார் மாடல் பற்றிக் கேட்டவர்களுக்கு: 2022இல் வந்த கார்மின் எட்ஜ் 1040 சோலாரில் வெயிலால் கிடைக்கும் கூடுதல் நிமிடங்கள் 75,000 லக்ஸ், அதாவது நல்ல வெயில், வெளிச்சத்தை வைத்துச் சொன்ன கணக்கு. நாம் ஏற்காடு ஏறுவதோ வெயில் வருவதற்கு முன்னால், மர நிழலில். ஓமலூர் பக்கம் நெடுஞ்சாலையில் பகல் முழுக்க ஓட்டுகிறவர்களுக்குப் பயன்படும். மலைக்கு மட்டும் என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல டயர் வாங்கலாம்.

மூன்று வருடத்துக்கு மேல் ஒரே கருவியை வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள். மாடல், வாங்கிய வருடம், எந்த செட்டிங், இப்போது எத்தனை மணி நேரம் நிற்கிறது, இந்த நாலும் போதும்.