கரையை இனாமாகக் கேட்பவர்களுக்கு

நேற்றைய டிவி விவாதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "வர்த்தக ஒப்பந்தம் கைகூடணும்னா கரையோரக் கப்பல் போக்குவரத்தையும் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்து விட்டுடணும், இதுல என்ன கௌரவப் பிரச்சினை?" என்றார் அந்தப் பொருளாதார நிபுணர். கூட இருந்தவர்களில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை.

நான் கௌரவம் பேச வரவில்லை. பேரம் பேசுங்கள் என்கிறேன். தூத்துக்குடியில் ஏற்றி கொல்கத்தாவில் இறக்கும் சரக்கை எந்த நாட்டுக் கப்பல் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்யும் உரிமை நம்முடையது. கொடுப்பதானால் பதிலுக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

உலகமே திறந்துவிட்டதாம். எந்த உலகம்? அமெரிக்காவில் 1920 ஜோன்ஸ் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அவர்களின் இரண்டு துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்ற, கப்பல் அங்கேயே கட்டியதாக, அவர்களுக்குச் சொந்தமானதாக, அவர்கள் கொடியோடு இருக்க வேண்டும். இதற்கு காட் 1994 என்ற உலக வர்த்தக ஒப்பந்தத்திலேயே விலக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1992-இல் போட்ட விதி உறுப்பு நாட்டுக் கப்பல்களுக்கு மட்டும்தான். சீனா 2021-இல் ஷாங்காயில் கொஞ்சம் திறந்தபோதுகூட, உன் நாடு எனக்கு அதே சலுகையைத் தருமா என்று கேட்டுத்தான் திறந்தது.

நாம் என்ன செய்தோம்? ஏற்றுமதி இறக்குமதி கண்டெய்னர்களையும் காலிப் பெட்டிகளையும் வெளிநாட்டுக் கப்பல்கள் நம் துறைமுகங்களுக்கு இடையே லைசென்ஸ் இல்லாமலே கொண்டுபோகலாம் என்று 2018 மே மாதம் ஓர் அறிவிக்கை போட்டோம். பதிலுக்கு எந்த நாட்டிடமும் எதுவும் கேட்கவில்லை.

"கொழும்புக்குப் போய்ப் பெரிய கப்பலுக்கு மாறுகிற நம் பெட்டிகளை நம் துறைமுகத்துக்கே திருப்பத்தானே அது?" என்று கமெண்டில் வருவீர்கள். அதற்கு நம் துறைமுகத்தில் பெரிய கப்பல் வர ஆழம் வேண்டும், வேலை சீக்கிரம் முடிய வேண்டும். அதைச் செய்யுங்கள், யார் தடுத்தது? "இந்தியக் கப்பல் போதவில்லையே?" போதவில்லைதான். அதற்குத்தான் 1958 வணிகக் கப்பல் சட்டத்தின் 407-ஆம் பிரிவில் லைசென்ஸ் முறை இருந்தது. இங்கே கப்பல் கிடைக்காதபோது வெளிக்கப்பல் வந்துகொண்டுதான் இருந்தது.

பெரிய நாட்டோடு "இரண்டு பக்கமும் சம உரிமை" என்ற பேச்சுதான் எனக்கு ஆகவே ஆகாது. 1935 இந்திய அரசுச் சட்டமும் பிரிட்டிஷ் கப்பலுக்கு இங்கே பாகுபாடு காட்டக் கூடாது என்றது. அந்தப் பேச்சு அடிபட்ட 1931-லேயே, அரக்கனுக்கும் குள்ளனுக்கும் நடுவில் என்ன சம உரிமை என்று காந்தி எழுதிவிட்டார். எங்கள் ஊருக்கு இது ஏட்டுப் படிப்பு இல்லை. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்பு டிக்கெட் விலையைச் சரித்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொள்கிறேன் என்றது. 1911-இல் சுதேசிக் கம்பெனியே இல்லை.

ஒப்பந்தமே கூடாது என்று சொல்லவில்லை. 2015-இல் வங்கதேசத்தோடு போட்டோமே, அதுதான் ஒப்பந்தம். அவர்கள் கப்பலை நம் துறைமுகத்தில் உள்நாட்டுக் கப்பலாக நடத்துகிறோம், நம் கப்பலை அவர்களும் அப்படியே. சிங்கப்பூர், கொழும்பு என்று சுற்றிய சரக்கு நேராகப் போக வழி பிறந்தது.

என் சித்தப்பா ஹால்தியாவிலிருந்தும் பாரதீப்பிலிருந்தும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவந்த கப்பலில் வேலை பார்த்தவர். லீவில் வந்தால் குளித்த பிறகும் நகக்கண்ணில் கரி இருக்கும். கடலோடிகளின் வேலைப் பதிவேடான சிடிசி புத்தகத்தை வேட்டிப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்திருப்பார். அந்தச் சம்பளத்தில்தான் என் தங்கை காலேஜ் படித்தாள். இன்று அவர் பேரன் லட்சக்கணக்கில் கட்டி டிஎன்எஸ் என்ற கப்பல் அதிகாரி டிப்ளமா முடித்துவிட்டு, பயிற்சிக்கு ஏறக் கப்பல் கிடைக்காமல் ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் நிற்கிறான். டன்னேஜ் வரிச் சலுகை (லாபத்துக்குப் பதில் கப்பலின் கொள்ளளவை வைத்து வரி) வாங்கும் இந்தியக் கம்பெனி கேடட்களுக்கு, அதாவது இவனைப் போன்ற பயிற்சி மாணவர்களுக்கு, பயிற்சி தந்தே ஆக வேண்டும். வெளிநாட்டுக் கொடிக் கப்பலை யார் கேட்பது?

என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்த மேசையில் உட்காருபவர்கள் கரையைப் பற்றிப் பேசும்போது, எத்தனை கேடட்களை ஏற்றிக்கொள்வாய் என்று எதிர்த்தரப்பிடம் கேட்டு அதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கட்டும்.