கோடித் துணியில் மயிலும் இல்லை, யாளியும் இல்லை
பருத்திக் கைத்தறியின் பண்பாட்டுப் பொருள் கரையிலும் முந்தானையிலும் நெய்த உருவங்களில்தான் இருக்கிறது என்று கைத்தறி பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அதிக அர்த்தம் சுமப்பது ஒரு பூவும் இல்லாத வெறும் வேட்டியும் துண்டும்தான். வீட்டில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி, அதாவது சாவுக்குக் கொண்டுவரும் புதுத்துணி, வந்து சேரும்வரை உடலை எடுக்க விடமாட்டார்கள். கோடி வரத் தாமதமானால் அந்தப் பேச்சு வருஷக்கணக்கில் ஓயாது! காரியம் முடிந்ததும் மாமன் மைத்துனர்மார் மகன் தலையில் உருமா என்னும் தலைப்பாகை கட்டுகிறார்களே, அதுவும் சாதாரணத் துண்டுதான். பிள்ளை பிறந்தாலோ நேர் எதிர். புதுத்துணி ஆகாது, தாத்தாவின் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியில்தான் சுற்றுவோம். கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒருவர், கைத்தறி சொரசொரவென்று உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறார். அண்ணாச்சி, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத்தான் நெய்வார்கள், நாலைந்து சலவையில் அது போய்விடும். நூலும் ஒரு காரணம். கரிசலில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணிப் பருத்திக்கு இழை குட்டை, அதனால் நூல் கொஞ்சம் தடிமன். நீள இழை கேட்ட மில்களால் அது ஒதுங்கிப்போனது. பத்தமடைப் பாயைப் புகழும்போதும் எல்லோரும் கோரையைத்தான் சொல்கிறார்கள். அதைப் பிடித்து வைத்திருக்கும் பாவு பருத்தி நூல் என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.