ஜிஎன்எம் படித்தால் ஒரு வருஷம் மிச்சமா?

“ஜிஎன்எம் 3 வருஷம்தான், முடித்ததும் நேராக எம்எஸ்சி நர்சிங் சேரலாம்” என்று சிலர் சொல்வது தவறு. ஜிஎன்எம் என்பது நர்சிங் டிப்ளமோ; பட்டம் இல்லாமல் எம்எஸ்சி கிடையாது. நடுவில், ஜிஎன்எம் முடித்தவர்களுக்கான பட்டப்படிப்பான போஸ்ட் பேசிக் பிஎஸ்சி 2 வருஷம் படிக்க வேண்டும்.

கணக்குப் போடுங்கள். நேராக பிஎஸ்சி நர்சிங் 4, எம்எஸ்சி சேரத் தேவையான வேலை அனுபவம் 1, எம்எஸ்சி 2: ஆக 7. ஜிஎன்எம் வழியில் 3, 2, 1, 2 என்று 8. மிச்சம் பிடித்த வருஷம் போய், கூடவே ஒன்று ஏறுகிறது!

பலர் சறுக்குவது மதிப்பெண்ணில். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எம்எஸ்சிக்குப் பட்டப்படிப்பில் மொத்தம் 55% வேண்டும்; வெறும் பாஸ் போதாது. நர்ஸாகப் பதிவு செய்த சான்றிதழும் கையில் இருக்க வேண்டும்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுக்காதவர்களுக்கு மட்டும் ஜிஎன்எம் நல்ல வழிதான். பிஎஸ்சியில் அவர்களுக்கு இடமில்லை.