சரத்து எண் மட்டும் தெரிந்தால் போதாது

குரூப் 1, யுபிஎஸ்சி தேர்வுகளுக்குத் தயாராகும் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அரசியலமைப்புப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி தன் நோட்டைக் காட்டினார். அமைப்பின் பெயர், சரத்து எண், பதவிக்காலம், நீக்கும் முறை என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். 148, 280, 315, 324, 338 எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒரு பிழை இல்லை. "சரிம்மா, ஐந்தாண்டுத் திட்டங்களைத் தீட்டிய திட்டக்குழுவை எடுத்துவிட்டு நிதி ஆயோக்கைக் கொண்டுவந்தார்களே, தேர்தல் ஆணையத்தையும் அப்படி எடுத்துவிட முடியுமா?" என்று கேட்டேன். யோசித்தார், பதில் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் சொல்லிக்கொடுக்கும் விதமே அப்படித்தான் இருக்கிறது.

திட்டக்குழு 1950 மார்ச்சில் அமைச்சரவைத் தீர்மானத்தால் வந்தது. அதனால் 2015 ஜனவரி 1 அன்று இன்னொரு தீர்மானத்தாலேயே அதன் இடத்துக்கு நிதி ஆயோக் வந்துவிட்டது. நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாகூடத் தேவைப்படவில்லை. தேர்தல் ஆணையம் அரசியலமைப்பின் 324-ஆம் சரத்தில் இருக்கிறது. அதை எடுக்க அரசியலமைப்பையே திருத்த வேண்டும். அரசியலமைப்பு அமைப்பு, சட்டப்பூர்வ அமைப்பு, நிர்வாக ஆணையால் வந்த அமைப்பு என்று மூன்று தலைப்பில் உருப்போடுகிறோமே, அந்தப் பிரிவினையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

நடுவில் இருக்கும் சட்டப்பூர்வ அமைப்புக்கு, அதாவது சாதாரணச் சட்டத்தால் வந்த அமைப்புக்கு, தகவல் ஆணையத்தைப் பாருங்கள். தகவல் ஆணையர்களின் பதவிக்காலம் 5 ஆண்டு என்று 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. 2019-இல் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு திருத்தம் வந்தது. பதவிக்காலம், சம்பளம் இரண்டையும் மத்திய அரசு விதி போட்டுத் தீர்மானிக்கலாம் என்று ஆனது. அதே ஆண்டு வந்த விதி அதை 3 ஆண்டாக்கியது. அரசிடம் கேள்வி கேட்க வேண்டிய ஆணையருடைய சம்பளமும் காலமும் அரசின் கையிலேயே இருப்பது எனக்கு ஏற்புடையதல்ல. இதையும் சிஏஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவியையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 148-ஆம் சரத்து, நியமனத்துக்குப் பிறகு அவருடைய சம்பளத்தை அவருக்குப் பாதகமாக மாற்றக்கூடாது என்கிறது. ஓய்வுக்குப் பின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ எந்தப் பதவியும் ஏற்கக்கூடாது என்கிறது. கணக்குப் பார்க்கிறவர் அடுத்த வேலைக்காக அரசின் முகம் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். இந்தத் தடை தேர்தல் ஆணையர்களுக்கு அரசியலமைப்பில் இல்லை. ஏன் இல்லை என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தால், முதன்மைத் தேர்வுக்கு ஒரு நல்ல விடை கிடைக்கும்.

இன்னொரு தவறான எண்ணமும் மாணவர்களிடம் இருக்கிறது. அரசியலமைப்பில் இடம் கிடைத்துவிட்டால் அந்த அமைப்பு வலிமையானது என்று நினைக்கிறார்கள். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அரசியலமைப்பில் இல்லை. 1988-இல் தொடங்கி, 1992-இல்தான் சட்ட அதிகாரம் பெற்றது. ஆனால் அது விதி இயற்றும், விசாரிக்கும், அபராதமும் போடும். அதன் உத்தரவு பிடிக்காதவர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். 338-இல் இருக்கும் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையமோ விசாரணையின்போது உரிமையியல் நீதிமன்றம் போல யாரையும் அழைக்கலாம், ஆவணம் கேட்கலாம். கடைசியில் தரக்கூடியது பரிந்துரைதான். அதனால் உங்கள் அட்டவணையில் இன்னொரு கட்டம் வேண்டும்: இந்த அமைப்பு சொல்வதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்?

சிபிஐ பற்றியும் ஒரு வார்த்தை. அதைச் சட்டப்பூர்வ அமைப்பு என்றே பலர் எழுதுகிறார்கள். அது 1963-இல் உள்துறையின் தீர்மானத்தால் வந்தது. அதிகாரத்தை 1946-இன் டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாநிலத்துக்குள் வர மாநிலத்தின் இசைவு வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. வழக்குக்கு வழக்கு கேட்க வேண்டாம் என்று முன்கூட்டியே தந்திருந்த பொது இசைவைத் தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றபோது வந்த செய்திகளை இதோடு சேர்த்துப் படியுங்கள். அப்புறம் மறக்கவே மறக்காது.

எனக்கு மிகவும் வலித்த உதாரணம் நம் ஊருடையது. உள்ளாட்சிகளின் காலம் 5 ஆண்டு, அது முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று ஊராட்சிகளுக்கு 243இ, நகராட்சிகளுக்கு 243யூ சொல்கின்றன. நடத்த வேண்டியது 243கே-யில் வரும் மாநிலத் தேர்தல் ஆணையம். எல்லாமே அரசியலமைப்பின் எழுத்து. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. இடஒதுக்கீடு, வார்டு மறுவரையறை என்று வழக்குகள் நீண்டன. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில், மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில், நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது. நகரங்களில் ஒரு மன்றத்தின் முழுக் காலத்தையும் தாண்டி அரசு நியமித்த தனி அலுவலர்களே நிர்வாகம் பார்த்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல அந்த ஆண்டுகளில் ஒரு கவுன்சிலர் கிடையாது.

அந்த மாணவியின் நோட்டில் 243கே ஒரே வரியில் இருந்தது. இந்த ஞாயிறு அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசப் போகிறோம். 2016 முதல் 2022 வரையான செய்தித்தாள் நறுக்குகளைத் தேடிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.