“வாட்ஸ்அப் காலத்துல வாக்கி-டாக்கியா?” என்று கேட்ட தம்பிக்கு

விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர்களான நாங்கள் பைலட்டுகளோடு ரேடியோவில் பேசுவதைக் கேலி செய்யும் அந்த வீடியோவை இதுவரை பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். “இன்னும் கரகரன்னு ரேடியோல பேசிட்டிருக்காங்க, எல்லாத்தையும் மெசேஜா மாத்தியிருந்தா நெவார்க் நடந்திருக்குமா?” என்று கேட்டுவிட்டுத் தம்பி கிளம்பிவிட்டார். லைக் கொட்டுகிறது.

அமெரிக்காவின் நெவார்க் விமான நிலையத்தில் 2025 ஏப்ரல் 28 அன்று என்ன நடந்தது? ஃபிலடெல்பியாவில் உட்கார்ந்து அந்த விமானங்களைக் கவனித்த கன்ட்ரோலர்களுக்கு ரேடாரும் ரேடியோவும் சேர்ந்தே போயின, ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். தகவல் கொண்டுவந்த லைன் படுத்துவிட்டது. லைனே படுத்த பிறகு மெசேஜ் மட்டும் எந்த வழியாகப் போகுமாம்?

அப்புறம், மெசேஜ் ஏற்கெனவே இருக்கிறது சாமி. பெயர் சிபிடிஎல்சி, கன்ட்ரோலரும் பைலட்டும் எழுத்திலேயே பேசிக்கொள்ளும் வசதி. பசிபிக் மேல் 1995-லேயே போயிங் 747-400 விமானங்களில் வந்துவிட்டது. நம் வங்கக்கடல் மேல் பறக்கிறவர்கள் சென்னை கன்ட்ரோலோடு இதில் இணைந்துதான் போகிறார்கள். எச்எஃப் என்கிற தொலைதூர ரேடியோவின் இரைச்சலில் தொண்டை கிழிய உயரம் கேட்பதற்கு இது எவ்வளவோ மேல், மறுக்கவே இல்லை. கடலுக்கு மேல் மெசேஜ், ஓடுபாதைக்குப் பக்கத்தில் குரல். அவ்வளவுதான் நான் சொல்வது.

ஒரு மெசேஜ் போகிற வழியைப் பாருங்கள். கன்ட்ரோலர் தயார் வாசகத்தைத் தேர்ந்து உயரத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். காக்பிட்டில் விளக்கு மின்னும், மணி அடிக்கும். இரண்டு பைலட்டும் தனித்தனியாகப் படித்து, ஒத்துக்கொண்டு, ‘வில்கோ’ (அப்படியே செய்கிறேன்) அழுத்த வேண்டும். அது திரும்பி வந்து திரையில் விழ வேண்டும். கடலில் 30, 50 மைல் இடைவெளி வைக்கிற இடத்தில் இந்தச் சுற்று 240 நொடிக்குள் முடிய வேண்டும் என்று தரம் வைத்திருக்கிறார்கள். இறங்குகிற விமானம் 180 நாட் வேகத்தில் ஒரே நிமிடத்தில் 3 மைல் போய்விடும். முன்னால் போகிறவனுக்கும் பின்னால் வருகிறவனுக்கும் நடுவே பல இடங்களில் இருப்பதே அந்த 3 மைல்தான்!

“டெனெரிஃப்பை மறந்துட்டீங்களா?” மறக்கவில்லை. 1977, ஓடுபாதையில் கேஎல்எம், பான் ஆம் விமானங்கள் மோதி 583 உயிர். டவரும் பான் ஆமும் ஒரே நேரத்தில் பேசியதில் கேஎல்எம் காக்பிட்டில் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சியது. ஏஎம் ரேடியோவின் நிஜமான குறை அது. ஆனால் எழுத்தில் தப்பே வராதா? “1230-க்கு 370-க்கு ஏறு” (12:30 மணிக்கு 37,000 அடிக்கு) என்று போன மெசேஜில் 370 மட்டும் கண்ணில் பட்டு, நேரம் வருமுன்னே ஏறியவர்கள் உண்டு. அதனால்தான் அப்படி அனுப்பும்போது முதலில் “இப்போதைய உயரத்திலேயே இரு” என்று சேர்க்கச் சொல்கிறார்கள். குரலில் சொன்னால் பைலட் அதைத் திருப்பிச் சொல்லும் ரீட்பேக்கிலேயே தடுமாற்றம் காதில் விழும். வில்கோவுக்கு எல்லார் கையிலும் ஒரே முகம்.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. ஒரே ஃப்ரீக்வென்சியில் இருப்பவர்கள் எல்லாரும் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். முன்னால் போனவன் “காற்று திடீரென்று மாறுது” என்றால் பின்னால் வருபவன் கேட்காமலே தயாராகிவிடுவான். மெசேஜோ, அனுப்பியவனுக்கும் வாங்கியவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஐரோப்பாவை உதாரணம் காட்டுகிறார்கள். அங்கேயும் 28,500 அடிக்கு மேல்தான் மெசேஜ் வசதி கட்டாயம். அதுவும் 2015-ல் வர வேண்டியது. நடுவானில் இணைப்பு அறுந்து அறுந்து விழுந்ததால் 2020-க்குத் தள்ளிப்போனது. ஆக்சென்ட் பிரச்சனையா? அதற்குத்தான் மொழித் தேர்வு இருக்கிறது, விடுங்கள்.

“உங்க வேலை போயிடும்னு பயமா சார்?” என்றும் ஒரு கமெண்ட். ஆள் பற்றாக்குறையில் ஓய்வுநாளிலும் கூப்பிட்டு உட்கார வைக்கிற வேலை இது, யார் பறித்துக்கொள்ளப் போகிறார்கள்? புறப்படும் முன் தருகிற நீளமான ரூட் கிளியரன்ஸை மெசேஜாக்குங்கள். பல ஊரில் ஆக்கியாச்சு, நிம்மதியாக இருக்கிறது. ஆனால் ஓடுபாதையில் வண்டி நிற்கும்போது, 400 அடியில் வந்துகொண்டிருப்பவனுக்கு “கோ அரவுண்ட்” (இறங்காதே, மேலே ஏறு) என்பதைத் தேடி எடுத்து அனுப்பி வில்கோவுக்குக் காத்திருக்கச் சொல்கிறவர், தயவுசெய்து ஒரு ஷிஃப்ட் மட்டும் மைக்கைப் பிடித்துப் பார்க்கட்டும்.