இரண்டு அசை என்றாலே ‘மோர்’ என்று இல்லை

“ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்லும்போது இரண்டு அசை உள்ள பெயரடைக்கு முன்னால் ‘மோர்’, ‘மோஸ்ட்’தான் போட வேண்டும், சொல்லின் கடைசியில் ‘இஆர்’ (er) சேர்த்தால் பிழை” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நம்பிவிடுவார்கள் என்பதால் சொல்கிறேன்.

ஹேப்பி, ஈஸி, பிஸி எல்லாம் இரண்டு அசைதான். ஆனால் ஹேப்பியர், ஈஸியர், பிஸியஸ்ட் என்பதுதான் வழக்கம். எழுதும்போது கடைசி ‘ஒய்’ மட்டும் ‘ஐ’ ஆக மாறும். அவ்வளவு ஏன், அன்ஹேப்பிக்கு மூன்று அசை, அன்ஹேப்பியர் என்றாலும் சரியே. சிம்பிள், சிம்ப்ளர் ஆகும். கிளெவருக்கு இரண்டு வழியும் உண்டு.

ஃபுல், லெஸ், இங் என்று முடியும் யூஸ்ஃபுல், கேர்லெஸ், போரிங் போன்றவற்றுக்கு ‘மோர்’ வேண்டும். அப்புறம், நீங்கள் எடுத்துக்காட்டாகத் தந்த ‘மோர் பெட்டர்’ இன்றைய எழுத்து வழக்கில் பிழை. பெட்டரே ஒப்புமைச் சொல்தான். அழுத்தம் வேண்டுமென்றால் ‘மச் பெட்டர்’ என்று எழுதுங்கள்.