காட்டு மாட்டோடு செல்ஃபி எடுக்கப் போகிறவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடு இருந்தால், காட்டு மாடு பார்க்க முதுமலை வரை போக வேண்டியதில்லை. சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க வெளியே வந்தால் கொடிக்கு அந்தப் பக்கம் நின்று புல் மேய்ந்துகொண்டிருக்கும். நானும் படம் எடுக்கிற ஆள்தான். எடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எட்ட நின்று எடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சீசன் வந்துவிட்டால் சாலையோரம் வரிசையாகக் கார்கள். ஒருவர் போனை நீட்டிக்கொண்டே மாட்டை நோக்கி நடக்கிறார், பின்னாலேயே குழந்தையும். "சாதுவாத்தானேங்க நிக்குது?" சாதுதான். வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை இருக்கும் சாது. கிட்டே போனால் முதலில் தலையைத் தூக்கிப் பார்க்கும், மூக்கால் புஸ்ஸென்று சீறும். அப்புறம் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகு மேடு தெரிய விறைத்து நிற்கும். போஸ் கொடுக்கிறது என்று நம் ஆட்கள் இன்னும் நாலு க்ளிக் அடிக்கிறார்கள். அது தன் உருவத்தைக் காட்டி மிரட்டுகிறது ஐயா!

எனக்குக் கோபம் வருவது இதற்காக மட்டுமல்ல. நீங்கள் சீண்டிவிட்டுக் கார் ஏறிவிடுவீர்கள். மிரண்ட மாடு அடுத்துப் பார்ப்பது ஒற்றையடிப் பாதையில் கொழுந்து பறிக்கப் போகிற அக்காவைத்தான். நீலகிரியில் காட்டு மாடு முட்டி இறந்தவர்களில் இப்படிப் பிழைப்புக்கு நடந்து போனவர்கள் உண்டு.

நல்ல படத்துக்கு நெருக்கம் தேவையே இல்லை. ஜன்னல் கட்டையில் கேமராவை வையுங்கள். கறுத்த உடம்பு சட்டத்தை நிறைத்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், மாடு சாம்பல் பூசியதுபோல் விழும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகிற அளவுக்கு, குறைத்துப் பாருங்கள், தோலின் பழுப்பு மினுமினுப்பும் முழங்காலுக்குக் கீழே அந்த வெள்ளை சாக்ஸும் அப்படியே வரும். மூடுபனியில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும், லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்புங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

சிறுத்தை கதை வேறு மாதிரி. வீட்டு சிசிடிவியில் ஒரு கருஞ்சிறுத்தை கடந்துபோனால் போதும், காலையில் 'பொதுமக்கள் பீதி' என்று செய்தி. அது எப்போதும் நடக்கிற வழிதான். கேமராதான் புதுசு. அகச்சிவப்பு வெளிச்சத்தில் அந்தக் கறுப்புக்குள் ஒளிந்திருக்கும் புள்ளிகள் தெரியும், அந்த அழகைப் பார்க்காமல் கூண்டு வை என்று கிளம்பிவிடுகிறோம்.

கடைசியாக, லொகேஷன் கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்ல மாட்டேன்.